புறஊதாக் கதிர் உடைத்த டிஎன்ஏவை பாக்டீரியா எப்படிச் சரிசெய்கிறது? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுப்பவர்களிடம் இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். கல்லூரி மாணவர்கள் தேர்வுக்காகக் கேட்கிறார்கள். மலைக்காய்கறி போடுபவர்கள் தெளித்த மருந்து வீணாகிறதே என்று கேட்கிறார்கள். யூவி ஃபில்டர் வாங்கியவர்கள் அதை நம்பலாமா என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே உயிரியல்தான், ஆகவே பதில்களை ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

இவ்வளவு குளிர்கிற ஊரில் புறஊதாக் கதிர் அப்படி என்ன அதிகம்?

குளிருக்கும் புறஊதாவுக்கும் சம்பந்தமில்லை. வெயில் உடம்பில் உறைக்காததால் கதிர் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். கதிரின் அளவு, தலைக்கு மேலே எவ்வளவு காற்றும் ஓசோனும் இருக்கின்றன என்பதையும் சூரியன் எவ்வளவு உச்சிக்கு வருகிறது என்பதையும் பொறுத்தது. ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் புறஊதா ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2240 மீட்டரில். அதே நாள், அதே நேரம், அதே தெளிந்த வானம் என்றால் ஊட்டி இலைமேல் விழுவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

நாம் இருப்பது வடக்கே சுமார் 11 பாகையில். வெப்பமண்டலத்துக்கு மேலே ஓசோன் படலம் துருவப் பக்கங்களைவிட மெல்லியது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. சுவெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும்போதே தோல் கருத்துப்போவது இதனால்தான்.

புறஊதாவில் மூன்று வகை உண்டு. 315–400 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது ஏ வகை, 280–315 பி வகை, அதற்கும் குறுகியது சி வகை. சி வகை முழுவதும் வளிமண்டலத்திலேயே தடுக்கப்படுகிறது. தரைக்கு வருவதில் பெரும்பகுதி ஏ, கொஞ்சம் பி. அந்தக் கொஞ்சம்தான் டிஎன்ஏவுக்கு நேரடி எதிரி.

மேகமூட்டமாக இருந்தால்?

மெல்லிய மேகம் புறஊதாவில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். தென்மேற்குப் பருவமழையின்போது வரும் கனத்த கருமேகம் நன்றாகவே குறைக்கும். வெளிச்சம் மங்கலாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கதிர் பட்டால் டிஎன்ஏவில் சரியாக என்ன நடக்கிறது?

டிஎன்ஏவின் எழுத்துகளான காரங்கள் 260 நானோமீட்டர் அளவில் கதிரை மிக நன்றாக உறிஞ்சுகின்றன. ஒரே இழையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தைமின்களோ, ஒரு தைமினும் ஒரு சைட்டோசினுமோ இருந்தால், உறிஞ்சிய ஆற்றலில் அவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. எதிர் இழையோடு கோத்துக்கொள்ள வேண்டியவை பக்கத்து ஆளோடு ஒட்டிக்கொள்கின்றன. இதை டைமர் என்கிறோம். இந்த வேதிவினைக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு. தடுக்க நேரமே கிடையாது, நடந்தபின் சரிசெய்வது ஒன்றுதான் வழி.

நீலகிரி மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் ஓடுகிறதே, அதில் அடுத்தடுத்த இரண்டு பற்கள் உருகி ஒன்றாகிவிட்டால் எஞ்சினின் பல்சக்கரம் அங்கே சிக்கி நின்றுவிடும். டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியும் டைமர் வந்த இடத்தில் அப்படித்தான் நிற்கிறது. மரபணுவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் நொதியும் அங்கேயே நிற்கிறது. நகலெடுப்பு நின்றால் செல் பெருகாது, படிப்பு நின்றால் புரதம் வராது.

சேதத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, நாலு கார்பன் வளையம் கொண்ட சைக்ளோபியூட்டேன் டைமர். மீதியில் பெரும்பகுதி ‘ஆறு-நான்கு’ வகை. இது எண்ணிக்கையில் குறைவானாலும் டிஎன்ஏவை அதிகம் வளைக்கிறது. அப்படி வளைப்பதாலேயே பழுதுநீக்கும் புரதங்களின் கண்ணில் சீக்கிரம் படுகிறது.

இதை ஒரு பாக்டீரியாவால் எவ்வளவு தாங்க முடியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் காரச் சோடிகள் இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள செல் ஆயிரக்கணக்கான டைமர்களைத் தாங்கிப் பிழைக்கும். அதன் இரண்டு பழுதுநீக்கும் வழிகளை (கீழே வரும் யூவிஆர் வழி, ரெக்-ஏ வழி) மட்டும் மரபணு அளவில் எடுத்துவிடுங்கள், ஒன்றிரண்டு டைமர்களே அதைக் கொன்றுவிடும்.

இரண்டு செல்லிலும் டிஎன்ஏ ஒன்றே, விழும் கதிர் ஒன்றே, உண்டாகும் சேதமும் ஒன்றே. ஆக, பாக்டீரியாவின் உறுதி அதன் டிஎன்ஏவில் இல்லை, பழுதுநீக்கும் புரதங்களில்தான் இருக்கிறது. ‘இந்தக் கிருமி ரொம்ப கெட்டி’ என்று யாராவது சொன்னால், அது எதைக் கொண்டு சரிசெய்கிறது என்று கேளுங்கள்.

வெளிச்சமே காயத்தை ஆற்றும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இதைக் கண்டுபிடித்த விதமும் சொல்லத் தக்கது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரீசியஸ் என்ற மண் பாக்டீரியாவைப் புறஊதாவால் சுட்டுக்கொண்டிருந்தார். பிழைப்பவற்றின் எண்ணிக்கை ஒரு நாளைப் போல மறுநாள் இல்லை. வெப்பநிலை காரணமோ என்று முதலில் அதைத் துருவினார். கடைசியில் காரணம் வெளிச்சம் என்று தெரிந்தது. புறஊதா பட்டபின் வெளிச்சத்தில் இருந்தவை பெருமளவு உயிர்த்தெழுந்தன, இருட்டில் இருந்தவை செத்தன. 1949இல் அதை வெளியிட்டார். அதே ஆண்டு ரெனாட்டோ டல்பெக்கோ, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களிலும் இதையே பார்த்தார்.

அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஃபோட்டோலையேஸ் என்று பெயர். இருட்டிலேயே அது டைமரைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், ஆனால் வெட்ட ஆற்றல் இருக்காது. நீல ஒளியோ, கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய புறஊதா ஏ ஒளியோ வந்து விழவேண்டும். நொதிக்குள் ஒளியை வாங்கித்தரும் நிறமி ஒன்று இருக்கிறது. அது ஆற்றலைப் பக்கத்தில் உள்ள எஃப்ஏடி மூலக்கூறுக்குக் கொடுக்கிறது. எஃப்ஏடி ஒரு எலக்ட்ரானை டைமருக்குள் தள்ளுகிறது. வளையம் பிரிந்து இரண்டு தைமின்களும் பழையபடி ஆகின்றன. எலக்ட்ரான் திரும்ப எஃப்ஏடிக்கே வந்துவிடுகிறது. எதையும் வெட்டி எறியவில்லை, புதிதாக எதையும் எழுதவில்லை. எழுத்துப்பிழைக்கே இடமில்லாத பழுதுநீக்கம் இது. ஒரே நொதி, ஒரே ஃபோட்டான், வேலை முடிந்தது. இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தும் இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுவே.

ஒரு குறையும் உண்டு. சைக்ளோபியூட்டேன் டைமரைப் பிரிக்கும் ஃபோட்டோலையேஸுக்கு ஆறு-நான்கு சேதத்தைப் பிரிக்கத் தெரியாது.

அப்படியானால் இரவில்?

இரவுக்கு வேறு படை இருக்கிறது. 1964இல் அமெரிக்காவில் தனித்தனிக் குழுக்கள் இதன் தடயத்தைக் கண்டன. கதிர்பட்ட பாக்டீரியாவை இருட்டில் வைத்தபோது டைமர்கள் டிஎன்ஏவிலிருந்து வெட்டப்பட்டு வெளியே வந்திருந்தன.

வேலை செய்பவை முக்கியமாக மூன்று புரதங்கள்: யூவிஆர்-ஏ, யூவிஆர்-பி, யூவிஆர்-சி. ஏ, டிஎன்ஏவின் உருவம் கோணலான இடத்தைத் தேடுகிறது. பி, இது நிஜமான சேதமா என்று இழையைப் பிரித்துச் சரிபார்க்கிறது. உறுதியானால் ஏ விலகிக்கொள்ள, சி வந்து சேதத்தின் இரு பக்கமும் வெட்டுகிறது. யூவிஆர்-டி அந்தத் துண்டைப் பிரித்தெடுக்கிறது. 12 அல்லது 13 எழுத்து நீளமுள்ள துண்டு அது. எதிர் இழையைப் பார்த்து டிஎன்ஏ பாலிமரேஸ் புதிதாக நிரப்புகிறது, லைகேஸ் கடைசி இணைப்பைப் போடுகிறது. 1983இல் அசீஸ் சன்சார் குழு இந்த இரட்டை வெட்டைத் தெளிவாகக் காட்டியது. 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபலை அவர் தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச் இருவரோடும் பகிர்ந்துகொண்டார்.

இதன் சிறப்பு, சேதத்தின் வேதியியல் பெயர் அதற்குத் தேவையில்லை. உருவம் கோணியிருந்தால் போதும், டைமர், ஆறு-நான்கு, புகையிலிருந்து வரும் சில ரசாயனங்களின் ஒட்டு எல்லாவற்றையும் வெட்டும். அவசரமான இடத்துக்கு முன்னுரிமையும் உண்டு. மரபணுவைப் படித்துக்கொண்டிருந்த நொதி டைமரில் முட்டி நின்றால், எம்எஃப்டி என்ற புரதம் அதைத் தள்ளி அகற்றிவிட்டு யூவிஆர் ஆட்களை அந்த இடத்துக்கே அழைக்கிறது.

இரண்டு வழியும் போதாவிட்டால்?

டைமர்கள் மிஞ்சி, நகலெடுப்பு அங்கங்கே தடைபட்டு, ஒற்றை இழை இடைவெளிகள் உருவாகின்றன. ரெக்-ஏ என்ற புரதம் அந்த ஒற்றை இழைமேல் வரிசையாகப் படர்கிறது. அந்த வரிசையே அபாயச் செய்தி. சாதாரண நேரத்தில் லெக்ஸ்-ஏ என்ற புரதம் நாற்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களை அடக்கிவைத்திருக்கும். ரெக்-ஏ வரிசையைத் தொட்டதும் லெக்ஸ்-ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது, அடங்கியிருந்தவை எழுகின்றன. எவலின் விட்கின், மிரோஸ்லாவ் ராட்மன் இருவரின் சிந்தனையில் உருவான இந்தக் கருத்துக்கு எஸ்ஓஎஸ் என்று பெயர் வந்தது.

எழும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வருபவை யூவிஆர் புரதங்கள் போன்ற பிழையில்லாத பழுதுநீக்கிகள். ரெக்-ஏ, முழுமையான இன்னொரு பிரதியிலிருந்து துண்டைக் கடன்வாங்கி இடைவெளியை நிரப்பும் வேலையையும் பார்க்கிறது. சுல்-ஏ என்ற புரதம் செல் பிரிவதை நிறுத்திவைக்கிறது. அதனால் பாக்டீரியா பிரியாமல் நூல்போல நீண்டுபோகும். சேதமான டிஎன்ஏவைப் பங்குபோட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்காமல் இருக்க இந்த நிறுத்தம். இவை எல்லாம் போதாமல் போனபின்தான், ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கழித்து, ‘பாலிமரேஸ் ஐந்து’ என்ற நொதி களத்துக்கு வருகிறது. அது டைமரைச் சரிசெய்வதில்லை. அதன் எதிரே ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுவிட்டுத் தாண்டிப் போகிறது. பல நேரம் தவறான எழுத்து. சடுதிமாற்றம் அங்கே பிறக்கிறது.

சாவதா, பிழையோடு வாழ்வதா என்ற நிலையில் மட்டுமே பாக்டீரியா பிழையை ஏற்கிறது. புறஊதா நேரடியாகச் சடுதிமாற்றத்தை உண்டாக்குகிறது என்று பல நோட்ஸ்களில் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான மாற்றங்களை எழுதுவது கதிர் அல்ல, உயிர்பிழைக்கத் துடிக்கும் செல்லின் சொந்த நொதி.

விட்கின் பற்றி ஒரு வார்த்தை. 1944இல், இளம் ஆய்வு மாணவியாக, ஈ.கோலை பி வகையைப் புறஊதாவில் வைத்துப் பிழைத்த சிலவற்றிலிருந்து கதிரைத் தாங்கும் புது வகையை எடுத்தார். அதற்கு பி/ஆர் என்று பெயர். பழைய பி வகையில் சுல்-ஏவைச் சிதைக்கும் புரதம் கிடையாது, அதனால் ஒருமுறை நூலாக நீண்டால் மறுபடி பிரிய முடியாமல் சாகும். பி/ஆர் வகையில் சுல்-ஏ மரபணுவே கெட்டிருந்தது. காரணம் முழுதாக விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 2023இல் 102 வயதில் அவர் காலமானார்.

இதற்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் டிஎன்ஏவை உடைப்பவை. ஆகவே அதே எஸ்ஓஎஸ் மணி அடிக்கிறது, அதே பிழைசெய்யும் பாலிமரேஸ்கள் வருகின்றன, மருந்துக்கு அடங்காத வகை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துவது ஏன் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேயிலை இலைமேல் நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது?

சோலைக்காட்டுக்குள் தரையில் கிடக்கும் இலைக்கும், திறந்த சரிவில் உள்ள பசுந்தேயிலைக்கும் கிடைக்கும் கதிரில் பெரிய வித்தியாசம் உண்டு. இலைமேல் வாழும் பாக்டீரியாக்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறத் திட்டுகள் நிறைய வரும். அந்தக் கரோட்டினாய்டு நிறமிகள், புறஊதா ஏ உண்டாக்கும், செல்லைச் சிதைக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை அணைக்கின்றன. இலையின் அடிப்பக்கம், நரம்போரம், நுண்துளைவாய் ஆகியவை ஒதுங்க இடம் தருகின்றன.

சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற இலைப் பாக்டீரியாவின் பல வகைகள், பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் ஆர்யூஎல் என்ற மரபணுச் சோடியையே சுமக்கின்றன. பாலிமரேஸ் ஐந்தின் உறவுக்காரர்கள் அவை. வெயிலில் வாழ்வதற்காகப் பிழைசெய்யும் நொதியைக் கூடுதலாக எடுத்துச்செல்கிறது என்பதே பொருள். ஜனவரி உறைபனியில் செடி கருகுவது பற்றிப் பேசும்போதும் இதே பாக்டீரியாவின் பெயர் வரும். இதன் பல வகைகளில் உள்ள ஒரு புரதம், பூச்சியத்துக்கு இரண்டு பாகை கீழே போனதுமே நீரைப் பனிக்கட்டியாக உறையத் தூண்டும்.

முட்டைகோஸுக்கு பி.டி. அடித்தால் இரண்டு நாளில் வேலை செய்யாமல் போகிறது. ஏன்?

வைரமுதுகுப் பூச்சிக்கு அடிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸில் இரண்டு பொருள் இருக்கிறது: பாக்டீரியாவின் உறங்கும் வடிவமான வித்து, அதோடு படிகப் புரதம். புழுவைக் கொல்வதில் முதன்மையானது படிகம். அது வெறும் புரதம், உயிரில்லை, வெயில் சிதைத்தால் சரிசெய்ய ஆளில்லை. மலை வெயிலில் அதன் ஆயுள் குறைவு. காலை பத்து மணிக்கு அடிப்பது பணத்தை வெயிலில் காயவைப்பதுதான். மாலை வெயில் சாய்ந்தபின், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். இரவு முழுக்கப் புழு தின்னும். மழை வரும் அறிகுறி இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

பயிர்நோயைத் தடுக்கத் தெளிக்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பாக்டீரியா உயிருள்ள செல், வித்தாகவும் மாறாது. மாலையில் தெளித்தால் ஈரமும் இருக்கும், விடியும்வரை இலையில் பரவி ஒதுங்கவும் நேரம் கிடைக்கும். வழியில் பட்ட சேதத்தை வெட்டியெடுக்கும் யூவிஆர் வழிக்கு வெளிச்சம் வேண்டியதில்லை.

வித்துகள் மட்டும் ஏன் அவ்வளவு கெட்டி?

பேசில்லஸ் வித்து, வளரும் செல்லைவிடப் புறஊதாவை 10 முதல் 50 மடங்கு தாங்கும். வித்துக்குள் சிறிய புரதங்கள் டிஎன்ஏவைப் போர்த்தி அதன் வடிவத்தையே மாற்றிவைக்கின்றன. அதனால் வழக்கமான டைமருக்குப் பதில் வித்துக்கே உரிய வேறொரு சேதம் உண்டாகிறது. உறங்கும்போது அதைச் சரிசெய்வதில்லை. முளைக்கும் முதல் நிமிடங்களில் அதற்கென்றே உள்ள நொதி ஒன்று, ஒளியின் உதவியின்றி, பழையபடி பிரித்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட வலுவானது டைனோகாக்கஸ் என்கிறார்களே?

டைனோகாக்கஸ் ரேடியோடுரான்ஸ், 1956இல் கதிரூட்டியும் கெட்டுப்போன டின் இறைச்சியில் கிடைத்தது. புறஊதாவையும் அசாத்தியமாகத் தாங்கும். ஆனால் அதற்கு ஃபோட்டோலையேஸ் கிடையாது. யூவிஆர் வழியும், டைமரைத் தானே வெட்டும் இன்னொரு நொதியும், பல பிரதி மரபுத்தொகுதியும், புரதங்களைச் சிதையாமல் காக்கும் ஏற்பாடும் சேர்ந்து காப்பாற்றுகின்றன.

யூவி ஃபில்டர் தண்ணீரை நம்பலாமா? செத்த கிருமி வெளிச்சத்தில் எழுந்துவிடாதா?

நியாயமான பயம். ஃபில்டருக்குள் உள்ள பாதரச விளக்கு 254 நானோமீட்டரில் எரிகிறது. டிஎன்ஏ உறிஞ்சும் உச்சத்துக்கு மிகப் பக்கம். அளவு குறைவாகப் பட்டால் பாக்டீரியா சாகாது, பெருக முடியாமல் நிற்கும், பிறகு வெளிச்சம் கிடைத்தால் ஃபோட்டோலையேஸ் சரிசெய்துகொள்ளும். சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்ற அளவு முழுதாகக் கிடைத்தால் சாதாரணக் குடல் பாக்டீரியாக்கள் எழ வாய்ப்பு மிகக் குறைவு.

நம் ஊரில் சிக்கல் வேறு இடத்தில். மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் கலங்கலாக வரும். கலங்கலின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும், ஆகவே விளக்குக்கு முன்னால் உள்ள வடிகட்டியைச் சுத்தமாக வையுங்கள். விளக்கு நீலமாக எரிவதாலேயே வேலை செய்கிறது என்று பொருளில்லை, வயதானால் 254இன் அளவு குறைந்துவிடும், நீலம் மட்டும் தெரியும். சொன்ன மணிநேரத்தில் மாற்றிவிடுங்கள். குளோரின்போலப் புறஊதா தண்ணீரில் தங்காது. பிடித்த தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் ஜன்னலோரம் வைக்காமல் மூடிய எவர்சில்வர் குடத்தில் வைத்து அன்றே குடித்துவிடுங்கள். சந்தேகமான நாளில் கொதிக்கவைப்பதற்கு ஈடில்லை.

மனிதருக்கு ஃபோட்டோலையேஸ் உண்டா?

இல்லை. நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகள் எல்லாமே அதை இழந்துவிட்டன, கங்காரு இனங்களிடம் இன்னும் இருக்கிறது. நமக்கு இருப்பது வெட்டியெடுக்கும் வழி மட்டும். அது பிறவியிலேயே கெட்டவர்களுக்கு ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் வருகிறது, வெயில் பட்ட இடத்தில் இளவயதிலேயே தோல் புற்று வரும். தேயிலை பறிக்கும் பெண்கள் தலையில் துணி கட்டி முழுக்கைச் சட்டை போடுவது சரியான பாதுகாப்பு. குளிராக இருந்தாலும் விடக்கூடாது.

கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், நோய்க்கிருமியே வேண்டாம். பேக்கரி ஈஸ்ட் பாக்டீரியா இல்லை என்றாலும் அதற்கும் ஃபோட்டோலையேஸ் உண்டு. 1950களின் இறுதியில் கிளாட் ரூபர்ட் ஈஸ்ட் சாற்றை வைத்தே இந்த நொதியின் வேலையைச் சோதனைக்குழாயில் காட்டினார். ஒரு லிட்டருக்கு 200 கிராம் ஊட்டி உருளைக்கிழங்கை வேகவைத்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 கிராம் அகார் சேர்த்து ஊடகம் தயாரித்து, நன்றாக நீர்த்த ஈஸ்ட்டைத் தட்டுகளில் பரப்புங்கள். மூடியைத் திறந்துவிட்டே புறஊதா விளக்கின்கீழ் வைக்கவேண்டும், பிளாஸ்டிக் மூடி கதிரை மறைத்துவிடும். சில விநாடிகளில் தொடங்கி வெவ்வேறு நேரம் கொடுத்துப் பாருங்கள். ஆசிரியர் கூட இருக்கவேண்டும், கண்ணுக்கும் கைக்கும் கவசம் கட்டாயம்.

ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டு தட்டு. ஒன்றை உடனே அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள், மற்றதை மூடியபின் வெள்ளை டியூப்லைட்டின்கீழ் ஒரு மணி நேரம் வையுங்கள். இடையில் கையாளும்போது அறையில் மங்கலான மஞ்சள் விளக்கு போதும், இல்லாவிட்டால் இருட்டுத் தட்டிலும் பழுதுநீக்கம் தொடங்கிவிடும். பிறகு எல்லாவற்றையும் 30 பாகை இன்குபேட்டரில் இருட்டில் வைத்து, வளர்ந்தபின் எண்ணுங்கள். கெல்னரைக் குழப்பிய வெப்பநிலை உங்களையும் குழப்பாதபடி, டியூப்லைட்டின் சூடு ஒரு தட்டுக்கு மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாளில் சுற்றிய தட்டையும் அதே விளக்கின்கீழ், அதே தூரத்திலேயே வைத்துவிடலாம். கதிரே படாத ஒரு சோடியும் கட்டாயம் இருக்கட்டும், இல்லாவிட்டால் எத்தனை செத்தன என்று கணக்கிடவே முடியாது.